தேறாத தலையணைகள்

உட்காருவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். நாற்காலித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. புது மாதிரி நாற்காலி ஒன்று தயாரானால் அதில் முதலில் உட்காருவது அவர். தொண்ணூறு நிமிடம் உட்கார வேண்டும். எழுந்ததும் ஒரு படிவத்தில் இடுப்பு, தொடை, தோள், கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அடியில் ‘தேறியது’ அல்லது ‘தேறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை ‘ஆசனம் சார்’ என்று கூப்பிட்டார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டு தலையை ஆட்டியதும், வைத்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

அந்த வேலைக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. சோதனை நடக்கும்போது தூங்கக் கூடாது. தூங்குகிறவனுக்கு எங்கே குத்துகிறது, எது மரத்துப்போகிறது என்று தெரியாதாம். கண் அயர்ந்தால் அந்தச் சோதனை செல்லாது, மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். நடுவில் எழுந்தாலும் அதே கதிதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்கு அடியில், மெத்தென்ற நாற்காலியில் தொண்ணூறு நிமிடம் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும் அந்த வேலையின் லட்சணம். அவருக்கு முன்னால் அங்கே இருந்த நான்கு பேர் குறட்டை விட்டே வேலையை இழந்தவர்கள். இவர் இருபத்தாறு வருடத்தில் ஒரு கொட்டாவி விட்டதில்லை. அதைப் பாராட்டி நிர்வாகம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அதைக் கூடத்தில் மாட்டி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமலேயே மணி சொல்லுவார்.

அவர் மனைவிக்கு நேர்மாறான பிழைப்பு. பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். காலை ஒன்பது மணிக்குச் சோதனைக் குழாய்களைக் கழுவ நின்றால் மாலை நாலரை வரைக்கும் நிற்பாள். அதனாலோ என்னவோ, உட்கார இடம் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவாள். பேருந்தில் தூங்குவாள், வரிசையில் போட்ட பெஞ்சில் தூங்குவாள். ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியிலேயே, திறந்த வாய் திறந்தபடி தூங்கி, அந்த மருத்துவரைக் கலவரப்படுத்தியிருக்கிறாள். ஆசனம் சாருக்கு இது தொழில்முறையில் பிடிக்காத விஷயம். நாற்காலியில் தூங்குகிறவர்களை அவர் மனதுக்குள் கொஞ்சம் மட்டமாகத்தான் வைத்திருந்தார். கல்யாணம் பண்ணிக்கொண்டாகிவிட்டது, வேறு வழியில்லை என்று மனைவியை மட்டும் மன்னித்திருந்தார்.

இவர்களுடைய ஒரே மகள், விமானத்தில் பத்தொன்பது மணி நேரம் பறந்தால் போய்ச் சேரக்கூடிய ஊரில் இருந்தாள். தலைப்பிரசவம். அடுத்த மாதம் இருபதாம் தேதி என்று நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளையைத் தவிர அங்கே வேறு ஆள் கிடையாது. “நீ முன்னாடியே வந்துடும்மா. என்னை உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீ பக்கத்துல நிக்கணும்” என்று மகள் போனில் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அம்மாக்காரி மறுநாளே மூன்று மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்து வாங்கியும் விட்டாள். விசா வந்துவிட்டது. பெட்டியும் வந்துவிட்டது. ஆசனம் சார் போகவில்லை. தொழிற்சாலையில் புது வரிசை நாற்காலிகள் வருகிற மாதம், அவர் இல்லாவிட்டால் யார் உட்காருவது?

டிக்கெட் எடுப்பதுதான் பாக்கி. கணினியில் செய்கிற காரியமெல்லாம் அந்த வீட்டில் அவருடைய துறை. அங்கேதான் சிக்கியது.

“பத்தொன்பது மணி நேரம். கழுத்து என்ன ஆகும்னு யோசிச்சியா?” என்றார்.

“யாரோட கழுத்து?”

“உன் கழுத்துதான். அந்த சீட்டைப் பத்தி எனக்குத் தெரியும். ஒரு நல்ல தலையணை இல்லாம உன்னை ஏத்திவிட மாட்டேன். அது முடிவாகட்டும், அன்னைக்கே டிக்கெட்டை எடுத்துடறேன்.”

முப்பது வருடத்தில் அவள் கேட்டு, இரண்டாவது தடவை கேட்டு, மூன்றாவது தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் எதையும் வாங்கி வருகிற மனிதர். அவர் தானாக அவள் கழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால் யாருக்குத்தான் மனசு குளிராது. ‘சரி, ரெண்டு நாள்தானே’ என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாளில் அவர் தலையணை வாங்கவில்லை. விமான இருக்கை கட்டினார். அகலம் இவ்வளவு, முன்சீட்டுக்கும் முழங்காலுக்கும் நடுவே இடைவெளி இவ்வளவு என்று கணினியில் பார்த்துக் குறித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கூடத்து மூலையில் சன்னல் இருக்கிற சுவரை ஒட்டிப் போட்டார். மறுபக்கம் துணி தேய்க்கிற பலகையை நிறுத்தினார். முன்னால் முழங்கால் இடிக்கிற மாதிரி இரும்பு அலமாரியை இழுத்து வைத்தார். அலமாரிக் கதவு அதற்குப் பிறகு முழுசாகத் திறக்கவில்லை. உள்ளே இருந்த புடவைகளை அவள் இடுக்கில் கையை விட்டு ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு தலையணைகள் வரத் தொடங்கின.

முதலாவது, லாடம்போல வளைந்தது, நீல நிறம். கழுத்தில் மாட்டிக்கொண்டு தொண்ணூறு நிமிடம் கண்கொட்டாமல் உட்கார்ந்தார். மகள் பள்ளியில் மிச்சம் வைத்த நோட்டு ஒன்றில் கோடு போட்டு, ‘தாடைக்குக் கீழே வெக்கை. தேறவில்லை’ என்று எழுதினார். இரண்டாவது, ஊதி நிரப்புவது. நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் யாரோ பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மனைவிதான் என்று நினைத்து, “இப்ப என்ன குறை உனக்கு?” என்று கேட்டுவிட்டார். அவள் அடுப்படியில் இருந்தாள். பெருமூச்சு விட்டது தலையணை. மூன்றாவதில் குட்டிக் குட்டி மணிகள் நிரப்பியிருந்தார்கள். தலையை அசைத்தால் காதுக்குள் யாரோ அரிசி களைகிற மாதிரி இருந்தது. நான்காவதின் அட்டையில், கழுத்தின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பஞ்சு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கழற்றி வைத்து மூன்று எண்ணுவதற்குள் அது எல்லாவற்றையும் மறந்து பழையபடி உப்பிக்கொண்டது. ‘சொன்னது ஒன்று, செய்வது ஒன்று. தேறவில்லை.’

“நினைவு இல்லேன்னா என்னங்க? நான் தலை சாய்க்கத்தானே போறேன், அதுகிட்ட பாடமா ஒப்பிக்கச் சொல்லப்போறேன்?” என்றாள் அவள்.

“உனக்குத் தெரியாது, சும்மா இரு.”

ஒரு வாரம் போய், இரண்டாவது வாரமும் போனது. ஐந்தாவது தலையணை துண்டு மாதிரி சுற்றிக்கொள்வது, உள்ளே வளையாத பட்டை வைத்தது. அதைச் சுற்றிக்கொண்டு அவர் சன்னலோரம் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “சாருக்கு எப்ப அடிபட்டது? எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள். தாடையை அசைத்தால் பட்டை நகர்ந்துவிடும் என்பதால் அவர் கண்ணை மட்டும் உருட்டினார். அதைப் பார்த்து அந்த அம்மாள் நிலைமை மோசம் என்றே முடிவு செய்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்ப மனைவிக்கு அரைமணி நேரம் ஆனது.

ஆறாவதை வாங்கப் போன கதை இன்னும் அழகு. பயணப் பெட்டிகள் விற்கிற கடை. வாங்கிப் போய்ச் சோதிப்பதைவிடச் சோதித்துவிட்டு வாங்கலாமே என்று அவருக்கு ஒரு ஞானம் பிறந்து, அடுப்படியில் நேரம் வைக்கிற சின்னக் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அரைமணி நேரம் சிரித்த முகமாக நின்றார். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் தாண்டியதும் பக்கத்தில் வந்து, “சார், இதுக்கு மேல உட்கார்ந்தீங்கன்னா நாங்க சாப்பாடு கொண்டுவந்து தரணும். விமானத்துல அப்படித்தான் வழக்கம்” என்றார். ஆசனம் சார் மடியிலிருந்த கடிகாரத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் எழுந்து, தலையணையைத் திருப்பிக் கொடுத்து, “தோள்பட்டையில ஆறு மார்க்குதான் வருது” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள். “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது தூங்கறதுக்குன்னு செஞ்ச தலையணை. நீங்க முழிச்சுக்கிட்டே பாத்தா அது எப்படித் தேறும்?”

“தூங்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு மேல் அந்த வாதத்தில் நுழைய வழியில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வேதனை என்னவென்றால், விடை வீட்டிலேயே இருந்தது. விடுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை அவள் பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்ற இடமில்லாமல் அந்த விமான இருக்கையில் போய் உட்கார்ந்தாள். கைக்கு அகப்பட்ட நீலத் தலையணையை, அதாவது தேறாத முதலாவதை, சும்மா கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். ஆசனம் சார் வேலை முடிந்து வந்தபோது ஒரு காலில் செருப்போடு அவள் ஆனந்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் அலமாரியில் இடித்துக்கொண்டிருந்தது, தேய்க்கிற பலகை தோளில் சாய்ந்திருந்தது, அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் எதிரே நின்றும் நடந்தும் பார்த்தார். கழுத்து இப்படி அப்படிச் சாயவில்லை.

எழுந்ததும் அவள் முகம் மலர்ந்து சொன்னாள். “நல்லாத்தாங்க இருக்கு. இதையே எடுத்துக்கறேன். டிக்கெட்டைப் போட்டுடுங்க.”

“அது செல்லாது,” என்றார் அவர்.

“எது?”

“நீ தூங்கிட்ட.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிவிட்டாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அவர் அவசரமாக ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் சொல்லிவிட்டார்.

தலையணையில் ஒரு குற்றமும் இல்லை என்று அவருக்கு மட்டும் தெரியாதா என்ன. மூன்று மாதம். காலையில் எழுந்தால் வீட்டில் பாத்திரம் உருளாது. குளித்துவிட்டுக் கையை நீட்டினால் துண்டு வராது. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, எதிர்வீட்டில் கொடுத்த சாவியைக் கேட்டு வாங்குவது எப்படி, ஒன்றும் தெரியாது. அதெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். மாலையில் கதவைத் திறந்து உள்ளே வந்தால், யாரிடம் இன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியைப் பற்றிக் குறை சொல்வது? ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வானா? மாட்டான். நோட்டை எடுத்து இன்னொரு கோடு போடுவான்.

மகள் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டாள். “எந்தத் தேதிம்மா?” என்பாள். “அப்பா தலையணை பாத்துக்கிட்டு இருக்காருடி” என்பாள் இவள். முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். “இன்னுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“வியாழக்கிழமைக்குள்ள எடுத்துடணும். எனக்குப் பயமா இருக்கு,” என்று மனைவி சொன்னாள்.

“இருபதாம் தேதின்னா இருபதாம் தேதிதான். நீயா ஏன் கிளப்பறே?” என்றார் அவர். பிரசவத்துக்கும் தொழிற்சாலையில் தேதி போட்டு ஒட்டியிருப்பார்கள் என்று நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை. இருபதாம் தேதிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. ஒன்பதாவது தலையணை. அவள் துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அவளுடைய போன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. ஆசனம் சார் இருக்கையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குள் கலக்கம். இந்த ஒன்பதாவதில் குறையே அகப்படவில்லை. வெக்கை இல்லை, சத்தம் இல்லை, தோளுக்கு ஒன்பது மார்க், கழுத்துக்குப் பத்தேகூடப் போடலாம்.

போன் அடித்தது. எழுபத்தொன்பதாவது நிமிடம்.

எட்டடி தூரம். எழுந்தால் சோதனை செல்லாது. அவர் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வேலையற்றவர்கள் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடித்து ஓய்ந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. இந்த முறை திரையில் மாப்பிள்ளையின் படம் வந்தது அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. மாப்பிள்ளை வழக்கமாகக் கூப்பிடுகிறவர்தானே, பதினைந்து நிமிடம் கழித்துப் பேசினால் குடியா முழுகிவிடும். மூன்றாவது தடவை நெடுநேரம் அடித்தது. நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றிக்கூட விட்டார். ஆனால் இருபத்தாறு வருடமாக நேரம் முடியாமல் எழாத உடம்பு, எழவில்லை. நான்கு நிமிடம்தான் பாக்கி. போன் ஓய்ந்துவிட்டது.

தொண்ணூறு ஆனதும் எழுந்தார். நோட்டைத் தேடி எடுத்தார். அதற்குள் அவள் காலி வாளியோடு இறங்கி வந்து, போனைப் பார்த்து, வாளியை அப்படியே போட்டாள். திருப்பிக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அரைமணி நேரம் கழித்து அதுவே அடித்தது.

“பெண் குழந்தை, அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. திடீர்னு வலி வந்து, உடனே ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க,” என்றார் மாப்பிள்ளை. அவருக்கு மூச்சு வாங்கியது. “உள்ள போறதுக்கு முன்னாடி உங்க கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு கேட்டா. ரொம்பப் பயந்துட்டா. மூணு தடவை போட்டுப் பாத்தேன். அதுக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டேன்னுட்டாங்க.”

அவள் நல்லபடியாகப் பேசி, குழந்தையின் எடை கேட்டு, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு திரும்பினாள். அவர் கழுத்தில் இன்னும் தலையணை இருந்தது.

“நீங்க இங்கதானே இருந்தீங்க?”

“பதினோரு நிமிஷம்தான் பாக்கி இருந்தது,” என்றார் அவர். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவர் காதில் விழுந்தது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக் கல்லூரிப் பெண் கணினியைத் திறந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை மதியம். மொத்தம் இருபது நிமிடம் ஆனது. ஆசனம் சாரின் துறை அத்தோடு கலைக்கப்பட்டது.

இரண்டு நாளும் அவர் வீட்டுக்குள் திருடன் மாதிரி நடமாடினார். அலமாரியைத் தள்ளிப் பழைய இடத்தில் வைத்தார். தேய்க்கிற பலகையை மடக்கினார். அவள் பெட்டி அடுக்கியபோது பக்கத்தில் நின்று, கேட்காததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

விமான நிலையத்தில், உள்ளே போகிறவர்களையும் வழியனுப்ப வந்தவர்களையும் பிரிக்கிற கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவர் ஒரு பையை நீட்டினார். உள்ளே ஒன்பதாவது தலையணை.

“இது தேறிடுச்சு,” என்றார்.

“வச்சுக்கோங்க. இன்னைக்கு எனக்குத் தூக்கம் வராது.”

வரிசை நகர்ந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அவர் அவளோடு கூடவே கயிற்றுக்கு இந்தப் பக்கமாக நகர்ந்தார். மூன்று பேர். இரண்டு பேர்.

“பயமா இருந்தது,” என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. “நீ மூணு மாசம் இல்லாம அந்த வீட்ல எப்படி இருக்கறதுன்னு பயமா இருந்தது. வேற ஒண்ணும் இல்ல. தலையணையெல்லாம் நல்லாத்தான் இருந்தது.”

“தெரியும். நாலாவது தலையணையிலயே தெரிஞ்சு போச்சு. நீங்களா வாயைத் திறந்து சொல்லுவீங்கன்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். என் தப்பு அது,” என்றாள் அவள். கதவருகே நின்ற காவலர் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார். அவள் அதைக் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “அன்னைக்கே சொல்லியிருந்தா உங்ககூட உட்கார்ந்து ஒரு நாள் அழுதுட்டு, மறுநாள் ஏறியிருப்பேங்க. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பேன்.”